காய்ச்சல் தணியும் முன்

குளிர்ந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் தொட்டுப் பார்த்தான், இப்போது அதைவிடக் குளிர்ந்து கிடக்கிறது இந்துஜாவின் நெற்றி. பலவேசம் புறங்கையை வைத்துப் பார்த்தான், உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், கழுத்துக்குக் கீழே விரலைச் செருகிப் பார்த்தான். குடத்துத் தண்ணீரைத் தொட்டது போல இருந்தது. எல்லாம் போச்சு. எட்டு மாதம் காத்திருந்து வந்த காய்ச்சல் இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது, ஈசிஜி அறைக் கதவு மட்டும் திறந்தபாடில்லை. உள்ளே மெஷின் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, மின்விசிறிகூடச் சுற்றுகிறது. ஆள்தான் இல்லை. டெக்னீஷியன் பன்னிரண்டு மணிக்கு ஐசியூவுக்குப் போனாள், அங்கிருந்து நேராகச் சாப்பிடப் போய்விட்டாளாம். மணி ஒன்றேகால். சாப்பிடட்டும், யார் வேண்டாமென்றது, மனுசர் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்க ஒரே ஒரு ஆள்தானா? அவன் வேலை பார்க்கிற மின்வாரிய செக்‌ஷனில் ஒரு வயர்மேன் சாப்பிடப் போனால் இன்னொரு வயர்மேன் இருப்பான், இல்லாவிட்டால் ஊர் சும்மா விடுமா? “அப்பா, சும்மா சும்மா தொடாதீங்கப்பா,” என்றாள் இந்துஜா. பதினாறு வயது. இரட்டைச் சடை, நெற்றியில் சாந்து, முகத்தில் பவுடர். பவுடர்! காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பவுடர் போட்டு அனுப்பியிருக்கிறாள் செண்பகம்.

அதை நினைத்ததும் மறுபடியும் எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த நிமிடம் எனக்கு போன் போடு, மாத்திரை கொடுக்காதே, ஆஸ்பத்திரியில் ஈசிஜி படம் எடுத்த கையோடு அங்கேயே கொடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொல்லியிருந்தான், காலண்டரில் எழுதியும் வைத்திருந்தான். எழுதி வைத்து என்ன? காலையில் அவன் நொச்சிக்குளம் பக்கம் கம்பத்தின் மேல் இருக்கிறான், நேற்று பெய்த மழையில் அறுந்த லைன், போன் கீழே வண்டிப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இறங்கி எடுத்தால் செண்பகம் சொல்கிறாள், நூற்றிரண்டு இருந்தது, பத்து மணிக்கு மாத்திரை கொடுத்துவிட்டேன், ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்துவிட்டேன், இப்போது வேர்த்து இறங்குகிறது, நீங்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று. சாதித்துவிட்ட குரல். வீட்டுக்குப் போய்க் கத்தினான். அவள் அசரவில்லை. “புள்ள அனலா கொதிக்கா. உங்க படத்துக்காவ வேகட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கணும்ங்கியளா? நான் பெத்தவ, என்னால ஆவாது.” இன்னும் கோபம் வந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தப்பு என்று எடுத்துப் போட முடியவில்லை. ஏனென்றால் அதே டாக்டரம்மாதான் இதையும் சொல்லியிருக்கிறார், இந்தக் குடும்பத்துக்குக் காய்ச்சல்தான் எமன், ஏறவிடாதீர்கள், உடனே இறக்குங்கள் என்று. இறக்கினால் நோய் தெரியாது. ஏறவிட்டால் தெரியும், ஆனால் ஆள் இருக்க வேண்டுமே. என்ன வைத்தியம் இது, என்ன நோய் இது, எவனிடம் போய்ச் சட்டையைப் பிடிப்பது?

குளிரெடுத்தது. இந்த ஏசியை யார் இப்படி வைத்திருக்கிறார்கள், பிணத்தையா வைத்திருக்கிறார்கள் இங்கே? கைகளைக் கட்டிக்கொண்டு அக்குளுக்குள் விரல்களைச் செருகிக்கொண்டான். கம்பத்தில் வேர்த்து நனைந்த காக்கிச் சட்டை இன்னும் முழுதாகக் காயவில்லை, முழங்காலும் இடுப்பும் விண்விண்ணென்று தெறித்தன. நேற்று நாலு கம்பம் ஏறியதும் வயசும் சேர்ந்து சொல்கிற பதில். நாற்பத்தாறு. அண்ணன் இந்த வயசைப் பார்க்கவில்லை. நம்பிராஜன் நாற்பதில் நின்றுவிட்டான். அப்பா நாற்பத்தொன்றில். பெரியப்பா அதற்கும் முன்னால், அம்மை போட்டிருந்தபோது. ஒவ்வொரு சாவுக்கும் வீட்டில் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது. பெரியப்பாவை அம்மன் கூப்பிட்டுக்கொண்டாள். அண்ணனுக்கு மதினியின் ஜாதகம். அந்தப் பேச்சைப் பேசியவள் அவனைப் பெற்ற அம்மா, அவள் வாயை அடைக்காமல் பக்கத்தில் நின்றவன் இவன். மூன்று பேருக்கும் காய்ச்சல் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் ஒருவரும் அதை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. காய்ச்சல் யாருக்குத்தான் வரவில்லை, காய்ச்சலில் எவனாவது செத்துப்போவானா என்றுதானே பேச்சு.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு போன நாள் மறக்குமா? எட்டு வருசம் ஆகிறது. ஜெராக்ஸ் கடையில் காய்ச்சலோடு நின்றிருந்தவன் மெஷின் மேலேயே சாய்ந்து விழுந்தான், அரை நிமிடத்தில் தானே எழுந்து உட்கார்ந்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. காய்ச்சல் முகத்தோடு நாலு பேர் முன்னால் போய் நிற்க மாட்டார்கள். காய்ச்சல் விட வேண்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டி, விபூதி பூசி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. டாக்டரைப் பார்க்கப் போகிறோமா பெண் பார்க்கப் போகிறோமா என்று தெரியாத மாதிரி. மூன்று நாள் காத்திருந்து, அண்ணன் மாப்பிள்ளை போல வந்து படுத்தான், ஈசிஜி எடுத்தார்கள். கோடு நேராகப் போய் ஏறி இறங்கி, பாடப் புத்தகத்தில் போட்டது போல இருந்தது. நார்மல் என்றார்கள். அந்தச் சொல்லை இவன்தான் ஊரெல்லாம் விநியோகித்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அம்மாவுக்கு, மதினிக்கு, சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்கு, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, “நார்மல், நார்மல், எல்லாம் நார்மல்.” அண்ணன் சிரித்துக்கொண்டே, “போதும்லே, பேப்பர்ல போட்டுருவ போலிருக்கு,” என்றான். மூன்று மாதம் கழித்து இன்னொரு காய்ச்சல். மதியம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவன், நாலு மணிக் காப்பிக்கு எழுப்பினால் எழவில்லை. மதினி நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்டது ஒரே கேள்விதான். “நார்மல்னு சொன்னியளே கொழுந்தனாரே, நார்மல்னுதான சொன்னிய?”

“அப்பா, டீ ஆறுது.” இந்துஜா காகிதக் குவளையை நீட்டினாள். ஒரு வாய் உறிஞ்சினான், வேப்பங்கொழுந்தைக் காய்ச்சியது போலக் கசந்தது. “என்ன டீ போடுதான், வாயில வைக்க முடியல.” “நல்லாத்தானப்பா இருக்கு,” என்றாள் அவள், தன்னுடையதைக் குடித்து முடித்திருந்தாள். காய்ச்சல்காரிக்கு டீ ருசிக்கிறது. அப்படியென்றால் காய்ச்சல் முழுக்க விட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? குவளையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடி நெற்றியைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. வந்தவுடன் நர்ஸ் பார்த்தபோது நூறு. இப்போது தொண்ணூற்றெட்டுக்குக் குறைவாகத்தான் இருக்கும். இந்த உடம்பில் படம் எடுத்து என்ன பிரயோசனம்? இன்னொரு நார்மல். அதைக் கையில் வாங்கிக்கொண்டு செண்பகம் ஒரு வாரம் கோயில் கோயிலாகப் போவாள். மதினி, அப்போதும் இதைத்தானே சொன்னீர்கள் என்று பார்வையாலேயே கேட்பாள்.

இதில் தன் தொழிலே தன்னைப் பழிவாங்குவது போல அவனுக்குத் தோன்றும். எத்தனை வீட்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான். சார், விளக்கு மினுக்குது என்று புகார் கொடுப்பார்கள், இவன் போய் நின்றால் விளக்கு மணியாக எரியும். நல்லாத்தானே எரியுது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். அந்த வீட்டுக்காரர் சொல்வார், எல்லாரும் ஏசி போடுகிற நேரத்தில் வந்து பாருங்கள், லோடு ஏறினால்தான் அது வேலையைக் காட்டும் என்று. எங்கோ ஒரு இணைப்பு, ஆறிக்கிடக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும், சூடேறினால் விட்டுப்போகும். மூன்று சாவுக் கதையையும் கேட்டுவிட்டு, டாக்டரம்மா பத்து மாதத்துக்கு முன்னால் வெள்ளைத் தாளில் படம் போட்டுச் சொன்னபோது இவனுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. நெஞ்சிலுள்ள ஒவ்வொரு உயிரணுவிலும் உப்பு உள்ளே போக நுணுக்கமான வாசல்கள் இருக்கின்றனவாம். உப்பு போனால்தான் மின்சாரம், மின்சாரம் இருந்தால்தான் துடிப்பு. வாசலை எப்படிக் கட்ட வேண்டும் என்கிற குறிப்பு அப்பன் ஆத்தாளிடமிருந்து வருகிறது. அந்தக் குறிப்பில் எங்கோ ஒரு இடம் பிசகியிருந்தால் வாசல் கொஞ்சம் குறையாகவே அமையும். மற்ற நாளில் சமாளித்துக்கொள்ளும், உடம்பு கொதிக்கும்போது மூடிக்கொள்ளும். துடிப்பு தாறுமாறாகும். அப்போது ஈசிஜி எடுத்தால் முதல் இரண்டு மூன்று கோடுகள் மேலே ஏறி, நுனியிலிருந்து சறுக்குமரம் போலச் சரிந்து இறங்கும். அதையும் இவனும் இந்துஜாவும் பார்க்க வரைந்து காட்டினார். “இது பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைகளுக்குப் போகலாம் சார். பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருக்கவங்க எல்லாருக்கும் ஒண்ணும் ஆகும்னு இல்ல, ஆனா யாருக்கு ஆகும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது.”

சரி, ரத்தத்தை எடுத்துப் பாருங்கள் என்று கையை நீட்டினான். எடுத்தார்கள். வெளியூருக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து நாலு பக்கம் வந்தது. அந்த நாலு பக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. மாற்றம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது கெடுதலானதா சாதுவானதா என்று இப்போதைக்குச் சொல்ல இயலாது. இவ்வளவுதான் நாலு பக்கமும். இதற்கு எதற்கு ரத்தம், இதை அவனே சொல்லியிருப்பானே! “அப்ப எனக்கு இருக்கா இல்லையா டாக்டர்?” என்று கேட்டான். இந்த மாற்றம் இதுவரைக்கும் ரொம்பப் பேரிடம் பார்த்ததில்லை, குடும்பத்தில் ஒருத்தருக்காவது காய்ச்சல் நேரத்தில் அந்தக் கோடு விழுந்தது என்று கையில் சாட்சி இருந்தால் பேச்சே வேறு, பிள்ளையின் ரத்தத்தில் அது இருக்கிறதா என்று தேடுவதற்கும் அப்போதுதான் அர்த்தம் என்றார். செத்தவர்கள் மூன்று பேர் சாட்சி சொல்லாமல் போய்விட்டார்கள். மருந்து ஏற்றிக் கோட்டை வரவழைக்கும் சோதனை ஒன்று உண்டு, அதற்கு மதுரைக்குப் போக வேண்டும், தேதி தை மாதம்தான் கிடைத்தது. அதுவரைக்கும் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே இங்கே ஓடி வாருங்கள் என்றார். அன்றிலிருந்து சட்டைப் பையில் காய்ச்சல் மாத்திரை அட்டை ஒன்று குடியிருக்கிறது, படம் எடுத்த மறு நிமிடம் கொடுக்க. எழுத்தெல்லாம் தேய்ந்து வெள்ளி வெளுத்துவிட்டது. எட்டு மாதம் வீடே காய்ச்சலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. பிள்ளை தும்மினால் போதும், இவன் கை தானாக அவள் நெற்றிக்குப் போகும். செண்பகம் முறைப்பாள். வராதே வராதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். இவன் என்ன வேண்டிக்கொண்டான்?

அதைக் கேட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் கேள்வி நகர மாட்டேன் என்கிறது. மணி ஒன்றரை. பத்து மணி மாத்திரை, இரண்டு இரண்டரைக்கு வேகம் குறையும், அப்புறம் ஏறும். ஏறட்டும். வெளியே ஜெனரேட்டர் பக்கம் நல்ல வெயில், ஒரு பத்து நிமிடம் இவளை அங்கே நிறுத்தினால்… சீ. என்ன நினைப்பு இது. பெற்ற தகப்பன் நினைக்கிற நினைப்பா? பலவேசத்துக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. பிள்ளை கொதிக்க வேண்டும் என்று ஒரு மனுசன் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து காத்திருக்கிறான், நெற்றி குளிர்ந்தால் முகம் சுண்டிப்போகிறான். செண்பகம் மட்டும் இதை உள்ளே எட்டிப் பார்த்தால் சோறு போடுவாளா? ஆனால் அவளுக்கென்ன, அவள் வீட்டு ஆட்கள் எண்பது தொண்ணூறு வரை இருந்து எல்லாரையும் வைதுவிட்டுப் போகிறவர்கள். இந்தப் பக்கத்து ரத்தம் இவனுடையது. கொடுத்திருந்தால் கொடுத்தவன் இவன். காது குத்தியதும் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததும் நினைவிருக்கிறது, இதைக் கொடுத்தது மட்டும் எப்போது என்று தெரியாமலே நடந்து முடிந்திருக்கிறது. கொடுத்தேனா இல்லையா, அதையாவது சொல்லித் தொலையுங்களேன்! வாய்விட்டுச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது, எதிர்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படம் இரண்டாகத் தெரிந்து ஒன்றானது. கண் எரிந்தது. தூக்கமில்லை, அதுதான். “இந்த ஏசியக் கொஞ்சம் குறைக்கச் சொல்லேன்,” என்றான் மகளிடம். “ஏசி ஓடவே இல்லப்பா. கரண்டு போயி ஜெனரேட்டர்லதான் ஓடுது, வெறும் ஃபேன்தான்,” என்றாள் அவள், அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு.

டெக்னீஷியன் வந்துவிட்டாள். ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே, “ஐசியூல விடல சார், ரொம்ப நேரம் ஆயிட்டோ?” என்றாள். ஆயிட்டோவா! பலவேசம் எழுந்தான், எழுந்த வேகத்தில் தரை கொஞ்சம் ஆடியது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். “இனிமே எடுத்து என்ன செய்ய? காய்ச்சல்தான் போயிட்டே. நார்மல்னு வரும். அத நாங்க வீட்டுலயே எழுதிக்கிடுவோம்.” ஜெபா என்று சட்டையில் பெயர் குத்திய நர்ஸ் வெப்பமானியோடு வந்து இந்துஜாவின் நெற்றிக்கு நேரே பிடித்தாள். “யாரு சார் போயிட்டுன்னு சொன்னா? நூத்தி ஒண்ணு இருக்கு. ஏற ஆரம்பிச்சிருக்கு.” “உங்க மெஷின் கெட்டுப்போச்சு,” என்றான் இவன். எட்டு மாத ஆத்திரமும் ஒரு வெப்பமானியின் மேல் இறங்கியது. “கையில இருக்கதுதாம்மா கணக்கு, தொட்டுப் பாருங்க, பச்சத் தண்ணியா இருக்கா. ஒண்ணேகால் மணிநேரமா தொட்டுக்கிட்டேதான இருக்கேன்!” மறுபடியும் மகளின் நெற்றியில் கையை வைத்தான். இந்துஜா அந்தக் கையைப் பிடித்தாள். விடவில்லை. தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பார்த்தாள், பிறகு எட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள், சிறுவயதில்கூட அப்படித் தொட்டதில்லை. “அப்பா. உங்களுக்குத்தான்ப்பா கொதிக்கு. அதான் நான் உங்களுக்குக் குளுந்து தெரியுதேன்.”

ஜெபா வெப்பமானியை அவன் பக்கம் திருப்பினாள். நூற்றிமூன்று. அந்த எண்ணை அவன் கொஞ்ச நேரம் யாருடையதோ போலப் பார்த்தான். கசந்த டீ, இல்லாத ஏசி, முழங்கால், தரை. எல்லாம் வந்து வரிசையில் நின்றன. வீட்டில் எல்லாருடைய நெற்றியையும் தொட்டவன், தன் நெற்றியை ஒருவரும் தொடாத இடத்தில் வைத்திருந்திருக்கிறான். “முதல்ல நீங்க படுங்க,” என்றாள் இந்துஜா. சீட்டு பிள்ளை பெயரில் இருக்கிறதே, வேறு சீட்டு போட வேண்டுமே என்று டெக்னீஷியன் இழுத்தாள். “அத அப்புறம் போடுங்கக்கா!” பிள்ளைக்கு இப்படி அதட்டத் தெரியும் என்று இவனுக்கு இதுவரை தெரியாது. படுக்கும்போது வெட்கமாக இருந்தது. மூன்று நாள் தாடி, காலில் சேறு, கம்பத்துக் கரி, வேர்வை நாற்றம். ஒரு நிமிடம் இருங்கள், முகத்தையாவது கழுவிக்கொண்டு வருகிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அண்ணனின் வெளுத்த வேட்டி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

நெஞ்சில் பசை குளிர்ந்தது. டாக்டர் எழுதியிருந்தபடி இரண்டு வட்டங்களை வழக்கமான இடத்துக்கு மேலே, ஒரு விலா தள்ளி ஒட்டினாள் அந்தப் பெண். “அசையாதீங்க சார்.” காகிதம் கரகரவென்று வந்தது. அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான். முகம் அப்படியே நின்றது. “இன்னொரு தடவ எடுத்துக்கிடுதேன்,” என்றாள், எடுத்தாள், இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைப் பக்கம் நடந்தாள், நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாதபடி. இந்துஜா அவள் பின்னாலேயே வாசல்வரை போய் அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கண் நிறைந்திருந்தது, குரல் உடையவில்லை. “டாக்டரம்மா அன்னைக்கு வரைஞ்சு காட்டுனாங்கல்லாப்பா. அதே மாதிரி இருக்கு.” அடுத்த நிமிடம் டாக்டரே வந்தார், கூடவே ஆட்கள், ஒரு மானிட்டர், கையில் ஊசி. இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது, இங்கேயேதான், கண்முன்னாலேயே இருக்க வேண்டும், பயப்படாதீர்கள், நல்ல நேரத்தில் பிடித்துவிட்டோம் என்றார். பிள்ளைக்கும் இப்போதே ஒரு படம் எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்துவிடலாம், அதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இனி அவள் காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது, ரத்தத்திலேயே தேடிக்கொள்ளலாம் என்றார். பலவேசத்துக்குப் பயம் வந்தது, அண்ணன் கடைசியாகப் படுத்துக் கிடந்த பாய் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. ஆனால் காலையிலிருந்து கூடவே இருந்த ஆத்திரத்தைத் தேடினான், காணவில்லை.

“அம்மாவுக்குப் போடு,” என்றான். இந்துஜா போனை அவன் காதில் வைத்துப் பிடித்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் செண்பகம். “என்ன சொன்னாவ? நார்மல்தான? புள்ள எப்படி இருக்கா?” “நார்மல் இல்லட்டி,” என்றான். அந்தச் சொல்லை அப்படிச் சொல்ல எட்டு வருசம் ஆகியிருக்கிறது. “புள்ளைக்கு இல்ல, எனக்கு. எனக்குக் காச்ச நூத்திமூணு. அந்தக் கோடு விழுந்துட்டு.” இந்துஜா போனை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். “இனிமே புள்ளையக் கொதிக்கவிட்டுப் பாக்க வேண்டாம்ட்டி. என்னைய வச்சே பாத்துக்கிடுவாவளாம். நீ செஞ்சதுதான் சரி. மதினிக்கும் ஒரு போன் போடு, அண்ணனுக்கும் இதுதான்னு சொல்லு. ஜாதகம் கீதகம் எதுவும் இல்லன்னு எங்கம்மாகிட்டயும் சொல்லு.” செண்பகம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் கேட்டது வேறு.

“அதெல்லாம் கிடக்கட்டும். நீங்க மாத்திரை போட்டியளா?”

இந்துஜா அதற்குள் அவன் சட்டைப் பையிலிருந்து வெளுத்த அட்டையை எடுத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பலவேசம் வாயைத் திறந்தான்.